துன் சம்பந்தனும் பாட்டியின் பத்து வெள்ளியும்

கோலாலம்பூரில் நூல் வெளியீட்டுக்கும் இலக்கிய நிகழ்ச்சிக்கும் போய்ப் பழகிய தமிழ் மாணவர்களுக்கு ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தனைத் தெரியாமல் இருக்காது. பல்கலைக்கழகக் காலத்தில் நானும் அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். உரைகளைக் கேட்டதைவிட, நிகழ்ச்சி முடிந்ததும் கிடைக்கும் மீகூனுக்காகக் காத்திருந்தது அதிகம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அந்தக் கட்டடம் யாருடைய பணத்தில் எழுந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதன் பெயரில் இருக்கும் மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டே செய்திகள்: ம.இ.காவின் ஐந்தாவது தேசியத் தலைவர். 1973இல் ஒரு நாள் தற்காலிகப் பிரதமராக இருந்தவர். இரண்டும் பொது அறிவுப் புதிர்ப் போட்டிக்காக மனனம் செய்தவை.

அந்த அரைகுறை அறிவோடு நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில், எங்கள் விடுதிப் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். மலேசியத் தமிழரின் பின்னடைவுக்குப் பெரிதும் காரணம் தலைமையா, மக்களா என்பது தலைப்பு. நான் தலைமையே என்ற அணியில் பேசினேன். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைத் துன் சம்பந்தனுக்கே செலவிட்டேன். விட்டுக்கொடுத்தே பழகியவர், பேச வேண்டிய இடத்தில் பேசாதவர், தோட்டக்காரர் மகனுக்குத் தொழிலாளியின் துயரம் எப்படித் தெரியும் என்றெல்லாம் அடுக்கினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிறந்த பேச்சாளருக்கான கிண்ணம் எனக்குத்தான்.

பருவ விடுமுறையில் பேராக்கிலிருக்கும் பாட்டி வீட்டுக்கு அந்தக் கிண்ணத்தையும் எடுத்துப் போனேன். பாட்டி மகிழ்ச்சியோடு வாங்கிப் பார்த்தார். என்ன பேசினேன் என்று கேட்டார். சொன்னேன். யாரை அப்படிப் பேசினேன் என்று மறுபடியும் கேட்டார். பெயரைச் சொன்னதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. ஞெகிழிப் பையில் சுற்றிய ஒரு சிறிய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் என்றிருந்தது. உள்ளே பாட்டியின் பெயர். கையொப்பமிடும் இடத்தில் பெருவிரல் ரேகை. அதற்குக் கீழே வரிசையாகப் பத்து, பத்து, பத்து என்று எழுத்துகள்.

துன் சம்பந்தனின் வாழ்க்கையை நான் தேடத் தொடங்கியது அந்த விடுமுறையில்தான். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. குறைந்தது யாரைப் பேசினேன் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தந்தை வீராசாமி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து வந்து ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். ஆகவே தோட்டக்காரர் மகன் என்று நான் மேடையில் சொன்னது பொய்யன்று. ஆனால் அதை வைத்து நான் எடுத்த முடிவுதான் பிழை என்று பின்னால் விளங்கிற்று. கோலகங்சார் கிளிப்பர்டு பள்ளியில் படித்துவிட்டு, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டத்தின் வெப்பம் வீசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வெப்பத்தோடுதான் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பினார்.

சுங்கை சிப்புட் அப்போது சாதாரண ஊரன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அன்று சம்பந்தனுக்கு 29ஆவது பிறந்தநாள். அவசரகாலம் என்றால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன பொருள் என்பதைப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். லயங்களைச் சுற்றி முள்வேலி; மாலையானால் ஊரடங்கு; காட்டுக்குள் சோறு போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக்கூடச் சோதித்துப் பார்ப்பார்கள். கூடிப் பேசினாலே சந்தேகம். அப்படிப்பட்ட காலத்தில் தோட்டத்து மக்களை ஒன்றுசேர்ப்பது எளிதன்று.

1954இல் அவர் முயற்சியால் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு ம.இ.காவின் தலைவரானார். அதுவரை கட்சித் தலைமையில் ஆங்கிலம் படித்த நகரத்தாரின் குரலே மேலோங்கியிருந்தது. தோட்டத்துக்காரன் வாசலுக்கு வெளியே நின்றான். சம்பந்தன் தமிழில் பேசி அவனை உள்ளே அழைத்தார். அது கட்சியின் தரத்தைக் குறைத்துவிட்டது என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு. 1955இல் தேர்தலில் வென்று தொழிலமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பின் சுகாதாரம், 1959 முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, பிறகு தேசிய ஒருமைப்பாடு என்று 1974 வரை அமைச்சராக இருந்தார். இந்தப் பதவிகளையெல்லாம் விரித்து எழுத எனக்கு ஆர்வமில்லை. பாட நூல்களில் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது வேறு.

1950களில் மலாயாத் தோட்டங்களுக்கு ஒரு நோய் வந்தது. அதன் பெயர் துண்டாடல். இன்று நம்மில் பலர் அந்தச் சொல்லையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பாட்டி அதை நோய் என்றேதான் சொல்வார், அம்மை, வாந்திபேதி என்பது போல.

நாடு சுதந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தங்கள் முதலீடு என்னாகுமோ என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அச்சம். மரங்களுக்கோ வயதாகிவிட்டது, மறுநடவு செய்தால் பல ஆண்டுகள் பால் வராது. செயற்கை ரப்பர் வேறு போட்டிக்கு வந்துவிட்டது. இந்த நிலையில் தரகர்கள் நல்ல விலை பேசி வந்தபோது கம்பெனிகள் விற்றுவிட்டன. வாங்கியவர்கள் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டு, கடைக்காரர், எழுத்தர், ஆசிரியர் என்று கையில் சிறிது பணமிருப்பவர்களுக்கு விற்றார்கள். மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது. மீன் சந்தையில் நடப்பதுதான். ஆனால் இங்கே மீனோடு சேர்த்து மீன்பிடிப்பவனும் கூறுபோடப்பட்டான்.

சட்டம் ஒரு நிலத்தைத் தோட்டம் என்று ஏற்க நூறு ஏக்கர் வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறுதோட்டம். தோட்டம் என்றால் லயம் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, ஆயாக் கொட்டகை உண்டு, மருந்துக்கடை உண்டு, தொழிற்சங்கம் பேசி வாங்கிய கூலி உண்டு. சிறுதோட்டத்தில் இவற்றையெல்லாம் கேட்க ஆளில்லை. பத்து ஏக்கர் வாங்கியவர் குத்தகைக்காரர் ஒருவரை வைத்துப் பால் வெட்டிக்கொள்வார். அவர் கொடுத்ததுதான் கூலி. சேமநிதியும் இல்லை, பிள்ளைப்பேற்றுச் சலுகையும் இல்லை.

பாட்டி இருந்த தோட்டத்தை நான்கு பேர் வாங்கினார்கள். கோடு போட்டபோது லயம் ஒருவர் பங்கிலும், மாரியம்மன் கோயில் இன்னொருவர் பங்கிலும் விழுந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை மூன்றாமவருக்கு. தாத்தா 20 ஆண்டுகளாக வெட்டிய நிரையில் பாதி ஒருவருக்கும் பாதி மற்றவருக்கும் என்று பிரிந்தது. ஒரு மாதத் தவணையில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பாட்டி அப்போது என் பெரியப்பாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். எங்கே போவது? வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் தோட்ட வாழ்க்கையின் அடிப்படை விதி. கூலி குறைவு என்று போராடலாம். தோட்டமே இல்லையென்றால் யாரோடு போராடுவது? பாட்டி கடைசியாகச் செய்த காரியம், வாசலில் தான் நட்ட முருங்கையிலிருந்து ஒரு போத்தை வெட்டித் துணியில் சுற்றிக்கொண்டது.

தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் இந்தக் கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தது. துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றது. அரசாங்கம் ஆராயச் சொல்ல, பேராசிரியர் உங்கு அசிஸ் பெரும் உழைப்பில் விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்தார். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடல் பற்றிய அவ்வறிக்கை 1963இல் வெளிவந்தது. இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் தலையணை வைத்தாவது படிக்க வேண்டிய நூல் அது. தோட்ட நிலத்தை அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது என்ற கட்டுப்பாடு நிலச் சட்டத்தில் பிறகுதான் வந்தது. அதற்குள் துண்டானவை துண்டானவைதான்.

இந்த இடத்தில்தான் தோட்டக்காரர் மகன் என்பது வேலை செய்தது. தோட்டம் என்றால் என்ன விலை, எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு பால், விற்றால் என்ன மிஞ்சும் என்ற கணக்குகள் சம்பந்தனுக்கு வீட்டுப்பாடம். தரகர் ஒருவர் கடன் வாங்கித் தோட்டத்தை வாங்கி இலாபம் பார்க்க முடியுமென்றால், அங்கே வேலை செய்பவர்களே பணம் சேர்த்து ஏன் வாங்கக்கூடாது? கேள்வி எளிமையானது. ஆனால் அமைச்சராக இருந்த ஒருவர் தடைச்சட்டத்துக்காக மட்டும் காத்திராமல் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவசரகாலம் முடிவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். முள்வேலியை அகற்றிய கையோடு அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கத் தொடங்கினார்.

தோட்டத்து மக்களுக்குக் கூட்டுறவு முற்றிலும் புதிதன்று. சிக்கன நாணயச் சங்கங்கள் முன்பே இருந்தன. பெண்கள் தங்களுக்குள் கூட்டுப் போட்டுப் பணம் சேர்ப்பதும் வழக்கம். மாதாமாதம் பணம் கட்டி, முறை வரும்போது எடுத்துக்கொள்ளும் அந்த நம்பிக்கைதான் இதற்கும் அடித்தளம். ஒரே மூச்சில் பங்கு வாங்க முடியாதவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் கூலி மூன்று வெள்ளியை ஒட்டியிருந்த காலம் அது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் மரம் வெட்டி, வாளியைத் தோளில் சுமந்து வந்த ஏறத்தாழ மூன்று நாள் உழைப்பு.

தாத்தாவும் பாட்டியும் வேறொரு தோட்டத்தில் ஒண்டியிருந்தபோது அவர் அங்கே வந்தாராம். திடலில் மேசை போட்டு, கேஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வெள்ளை வேட்டியில் ஓர் அமைச்சர் வந்து தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நிலம் வாங்கலாம் என்று சொன்னபோது முதலில் சிரித்தவர்கள்தான் அதிகமாம். மரம் வெட்டுகிறவன் மரத்துக்குச் சொந்தக்காரனாவதாவது! தாத்தாவும் சிரித்தவர்களில் ஒருவர். கட்சிக்காரர்கள் பணம் கேட்டால் திரும்பி வராது என்பது அவருடைய உறுதியான கொள்கை. அது தவறான கொள்கை என்று நானும் சொல்ல மாட்டேன்.

பாட்டி சிரிக்கவில்லை. கோடு போட்டு வீட்டைப் பிரித்ததைப் பார்த்தவர். தாத்தாவுக்குத் தெரியாமல், ஒட்டுப்பால் பொறுக்கிச் சேர்த்த காசிலும், கோழி முட்டை விற்ற காசிலும் முதல் பத்து வெள்ளியைக் கட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தாத்தாவுக்குத் தெரிந்ததாம். அன்று வீட்டில் நடந்த சண்டையைப் பாட்டி ஒவ்வொரு முறையும் சற்று மாற்றித்தான் சொல்வார்.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். அந்தச் செய்தி தோட்டங்களில் எப்படிப் பரவியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான ஏழைகளின் காசு ஓரிடத்தில் சேர்ந்தால், தரகருக்குப் போக வேண்டிய தோட்டத்தைப் பிடித்து நிறுத்த முடியும் என்று கண்ணால் காணும்படி ஆயிற்று. லயம் காலியாகவில்லை. ஆயாக் கொட்டகை பூட்டப்படவில்லை. அடுத்த நாளும் பிரட்டு நடந்தது. புரட்சி என்றால் எல்லாம் மாறுவது என்று நினைத்திருந்தேன். அடுத்த நாளும் வழக்கம்போல் பிரட்டு நடப்பதற்கே இத்தனை பெரிய முயற்சி தேவைப்பட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன. உறுப்பினர் தொகை பல பத்தாயிரமாக வளர்ந்தது. கூட்டுறவின் விதிப்படி உறுப்பினருக்கு ஒரு வாக்கு. பங்கு எத்தனை இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஆண்டுக் கூட்ட அழைப்பு என்று ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கிராணியிடம் கொண்டுபோனாராம். தொழிலாளி ஒருத்தி தோட்ட முதலாளிகளில் ஒருத்தி என்று அந்தக் கிராணி படிக்க நேர்ந்தது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. இலாப ஈவு எவ்வளவு வந்தது என்பது நினைவிலில்லை. கிராணியின் முகம் நினைவிலிருந்தது.

இத்தோடு நிறுத்தினால் நான் மறுபடியும் பட்டிமன்றம் பேசியவன் ஆகிவிடுவேன், அணி மட்டும் மாறியிருக்கும். ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சங்கம் வாங்கிக் காத்த நிலம், துண்டாடப்பட்ட நிலத்தின் முன் சிறிது. ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டவர்களை அது திரும்ப லயத்துக்குக் கொண்டுபோகவில்லை. பாட்டியே அதற்குச் சான்று. அவர் பங்கு வாங்கிய சங்கத்தின் தோட்டத்தில் அவர் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. இன்னொன்றும் உண்டு. உறுப்பினர்கள் நாடெங்கும் பரவியிருந்தார்கள். ஒரு தோட்டத்தில் வெட்டுகிறவர்கள் மட்டும் அத்தோட்டத்தின் உரிமையாளர்களாகவில்லை. சங்கத் தோட்டத்திலும் நிர்வாகி இருந்தார், கிராணி இருந்தார், மண்டோர் இருந்தார். உரிமை கைமாறியது, வேலை நடக்கும் முறை பெரிதாக மாறவில்லை. தொழிலாளர்களே தோட்டத்தை நடத்தப் பழகும் அடுத்த கட்டத்துக்கு அது போயிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஒரு மனிதரின் சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர்கள், அந்த மனிதரையே எல்லாவற்றுக்கும் நம்பிவிட்டார்கள். அது அவருடைய பலம். சங்கத்தின் பலவீனமும் அதுவே என்று எனக்குப் படுகிறது.

சுதந்திரப் பேச்சுகளில் இந்தியர்களுக்காக அவர் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்ற குறையை இன்றும் நான் முழுமையாகக் கைவிடவில்லை. ஆனால் ஒன்றை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. தோட்டத்து மக்களில் பெரும்பகுதியினரிடம் அன்று குடியுரிமையே இல்லை. வாக்கில்லாத மக்களின் தலைவர் மேசையில் எதை வைத்துப் பேரம் பேசுவார்? 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சிக்கலில் பல பத்தாயிரம் பேர் நாட்டை விட்டுக் கப்பலேறிய கதையைப் படித்தபோதுதான், நீல அடையாள அட்டை வாங்குங்கள் என்று அவரும் மற்றவர்களும் தோட்டம் தோட்டமாகக் கெஞ்சியதன் பொருள் உறைத்தது. தாத்தா நீல அட்டை எடுத்தார். பக்கத்து வீட்டார் எடுக்கவில்லை. அவர்கள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்ததாக ஒரே ஒரு கடிதம் வந்ததாம்.

அரசியலின் இறுதிக்காலம் அவருக்கு இனிமையாக இல்லை. கட்சிக்குள் பூசல் முற்றி, 1973இல் தலைமைப் பொறுப்பை வீ. மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்தார். 1974இல் அமைச்சுப் பதவியும் முடிந்தது. பதவி போன அரசியல்வாதிகள் பொதுவாக இரண்டு காரியம் செய்வார்கள்: சொத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அல்லது பழைய பகையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் திரும்பினார். உறுப்பினர் சேர்ப்பு, தோட்டக் கணக்கு, மறுநடவு என்று அந்த வேலையிலேயே கடைசி ஆண்டுகளைக் கழித்தார். தந்தையார் வழி வந்த சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்துவிட்டது என்று சுங்கை சிப்புட்டில் இன்றும் சொல்வார்கள். 1979 மே 18ஆம் நாள் காலமானார். அறுபது வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவருக்குப் பின் அவர் துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்தார்.

அந்தச் செய்தி வானொலியில் வந்தபோது பாட்டி மரம் வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். பால் நிறுக்கும் இடத்தில் யாரோ சொன்னார்கள். அன்று மாலை பாட்டி செய்தது ஒன்றுதான். தகரப் பெட்டியைத் திறந்து புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தார். அந்த மனிதர் போய்விட்டார், பணமும் போய்விடுமோ என்று பயந்தேன் என்பதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். பணம் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அப்பா உயர்கல்விக்குப் போனபோது, வீட்டிலிருந்த சேமிப்போடு அந்தப் பங்கின் ஈவும் சேர்ந்தது. பெரிய தொகையில்லை. பதிவுக் கட்டணத்துக்கும் ஒரு சோடிக் காலணிக்கும் சரியாக இருந்ததாம். தாத்தா அதற்குப் பிறகு கூட்டுறவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று சொல்லும்போது மட்டும் பாட்டியின் முகத்தில் ஒரு வெற்றிக்களை தெரியும்.

துண்டாடல் அந்தப் பெயரில் இன்று இல்லை. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோதும், தோட்டங்களிலிருந்து நம் மக்கள் வெளியேறியதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. என்னோடு படித்த நண்பர்களில் மூவர் பிறந்த தோட்டங்கள் இப்போது இல்லை. ஒருவருடைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி நிற்கிறது. 1960இல் கேட்கப்பட்ட அந்த எளிய கேள்வியை அந்தச் சமயங்களில் எங்களில் யாரும் கேட்கவில்லை. நாங்கள் பட்டிமன்றம் பேசிக்கொண்டிருந்தோம்.

பாட்டி இறந்த பிறகு, அந்தப் பங்கை அப்பாவின் பெயருக்கு மாற்றுவதற்காக விஸ்மா துன் சம்பந்தனுக்குப் போனோம். இலக்கிய நிகழ்ச்சி இல்லாத ஒரு வேலைநாளில் அந்தக் கட்டடத்துக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர். பெரும்பாலும் முதியவர்கள், கையில் எங்களுடையதைப் போலவே பழுப்பேறிய புத்தகங்கள். ஒரு மூதாட்டி என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்து, எந்தத் தோட்டம் என்று கேட்டார். அவர் கேட்டது தோட்டத்தின் பெயரை. பாட்டியின் தோட்டத்துக்கு இப்போது பெயரில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சுங்கை சிப்புட் பக்கம் என்று மட்டும் சொன்னேன்.

பட்டிமன்றக் கிண்ணத்தைப் பாட்டி தூக்கிப் போடவில்லை. சாமி மேடையில் திருநீறு கொட்டி வைக்க அளவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.